உமியா, பஞ்சா, மணலா? வகுப்பறையில் ஒரு வெப்பக்காப்புச் சோதனை

வெந்நீர் டம்ளரைச் சுற்றி வெவ்வேறு பொருள்களைப் பொதிந்து, எதில் சூடு அதிக நேரம் நிற்கிறது என்று பார்ப்பது 6ஆம் வகுப்பிலிருந்து எந்த வகுப்பிலும் செய்யக்கூடிய சோதனை. செலவும் குறைவு, கருவியும் குறைவு. ஆனாலும் பல வகுப்புகளில் இது குழப்பத்தில்தான் முடிகிறது. பஞ்சு சுற்றிய டம்ளரும் வெறும் டம்ளரும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறிப்போகும்; பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார்கள். குற்றம் பஞ்சின்மேல் இல்லை. டம்ளருக்கு மூடி போட்டிருக்க மாட்டார்கள், அல்லது அது கல் மேடைமேல் நேராக நிற்கும், அல்லது தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். சூடு அந்த வழியாகப் போய்விட்டால் பக்கவாட்டில் எதைச் சுற்றினாலும் வித்தியாசம் தெரியாது.

ஆகவே இந்தச் சோதனையில் முக்கால்வாசி வேலை, வெப்பம் வெளியேறும் மற்ற வழிகளை எல்லா டம்ளருக்கும் ஒரே மாதிரி அடைப்பதுதான். அதைச் சரியாகச் செய்துவிட்டால் பொருள்கள் தாமாகவே தங்கள் குணத்தைக் காட்டும்.

என்னென்ன பொருள் எடுக்கலாம்

பாடநூலில் வரும் கம்பளி, மரம், தெர்மாகோல் ஆகியவற்றோடு நிற்க வேண்டாம். பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் காசில்லாமல் கிடைப்பவையே நல்ல சோதனைப் பொருள்கள். ஆரணி பக்கம் என்றால் அரிசி ஆலை உமி. குடியாத்தம் என்றால் தறி வீட்டுக் கழிவு நூல். ஆம்பூர், வாணியம்பாடி பிள்ளைகளிடம் சொன்னால் ஷூ தைத்து மிஞ்சிய தோல் துண்டுகளைக் கொண்டுவருவார்கள். மற்ற ஊர்களில் தேங்காய் நார், வைக்கோல், மல்லாட்டை (நிலக்கடலை) தோல், தச்சுப் பட்டறை மரத்தூள், பழைய தலையணையில் இருக்கும் இலவம்பஞ்சு, செய்தித்தாள். பாலாற்றங்கரை ஊர் என்பதற்காக ஆற்றில் போய் மணல் அள்ள வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு கிலோ கேட்டு வாங்கினால் போதும். மணல் கட்டாயம் இருக்கட்டும், ஏன் என்று பின்னால் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. தோல் என்றால் பதனிட்டு முடித்த தோலின் வெட்டுத்துண்டு மட்டும். தோல் தேய்த்த தூள் வகுப்பறைக்குள்ளேயே வரக்கூடாது, அதில் குரோமியம் இருக்கும். உமியையும் மரத்தூளையும் வெளியில் வைத்து முறத்தில் புடைத்துத் தூசி போக்கிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் அந்தக் குழுவுக்குப் பஞ்சையோ துணியையோ கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் முதல் நாளே வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் இந்தச் சோதனையின் பெரிய எதிரி. அசையாக் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 23 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். நாரில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது காப்பு வேலையைக் கெடுத்துவிடும். காய்ந்ததை அன்று மாலையே எடுத்து வகுப்பறை நிழலில் வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் கிடந்த மணலை அப்படியே அள்ளிவந்து டம்ளரைச் சுற்றிப் போட்டால், வெந்நீரை மணல் ஆறவிடாது, சோதனை தலைகீழாகிவிடும்.

அமைப்பு

ஒரு சோதனை அலகுக்கு வேண்டியவை: 250 மி.லி.க்கு மேல் பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர் 1, காலியான 2 லிட்டர் குளிர்பான பாட்டில் 1, 2 செ.மீ. கனமுள்ள தெர்மாகோல் அட்டையில் வெட்டிய இரண்டு வட்டுகள், கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் கவர் ஒன்று, ரப்பர் பேண்டு, வெப்பநிலைமானி. இப்படி 8 அலகு இருந்தால் 40 பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்துவிடலாம். டம்ளர்கள் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னால் குட்டையும் நெட்டையுமாக வரும். அகலமான டம்ளரும் ஒடுங்கியதும் வேறு வேறு வேகத்தில் ஆறும்.

பொருளை டம்ளரின்மேல் சுற்றிக் கட்டுவதுதான் வழக்கம். அதில் ஒரு சிக்கல்: உமியையும் மணலையும் எப்படிச் சுற்றுவது? பஞ்சு எத்தனை சுற்று, செய்தித்தாள் எத்தனை சுற்று என்று யார் முடிவு செய்வது? பாட்டில் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது. 2 லிட்டர் பாட்டிலின் விட்டம் ஏறக்குறைய 11 செ.மீ., டம்ளருக்கு சுமார் 7 செ.மீ. நடுவில் வைத்தால் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளி தானாகவே கிடைக்கும். எந்தப் பொருளுக்கும் ஒரே கனம், ஒரே வெளிப்பரப்பு. டம்ளர் கீழே ஒடுங்கி மேலே விரிந்திருப்பதால் இடைவெளி கொஞ்சம் மாறும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மாறுவதால் பாதகமில்லை.

பாட்டிலின் அடி ஐந்து குமிழாக மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன்மேல் முதல் தெர்மாகோல் வட்டை (10 செ.மீ. விட்டம்) ஆடாமல் அமர்த்துங்கள். அதன்மேல் டம்ளர். இப்போது டம்ளரின் விளிம்பு பாட்டிலில் எந்த உயரத்துக்கு வருகிறதோ அங்கே கோடு போட்டு, அதற்கு மேல் உள்ள பகுதியை அறுத்து எடுத்துவிடுங்கள். கூம்பாக இருக்கும் தலைப்பகுதியை முதலில் நீக்கிவிட்டால்தான் டம்ளர் உள்ளே போகும் என்பதால் இது இரண்டு வெட்டு வேலை. அறுப்பது ஆசிரியர், வெட்டிய விளிம்பில் செல்லோ டேப் ஒட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது வட்டு மூடி. 12 செ.மீ. விட்டத்தில் வெட்டினால் டம்ளரையும் பாட்டிலையும் சேர்த்து மூடும். நடுவில் பென்சிலால் வெப்பநிலைமானி இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு துளை.

டம்ளரை நடுவில் பிடித்துக்கொண்டு பொருளை நிரப்புங்கள். உமி, மரத்தூள், மணல் என்றால் பாட்டிலை மேசையில் மூன்று முறை லேசாகத் தட்டி, இறங்கிய இடத்தை மறுபடி நிரப்ப வேண்டும். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பஞ்சாகவே போட வேண்டும்; திணிக்கக் கூடாது. இடம் இருக்கிறதே என்று ஒரு பிள்ளை அமுக்கி அமுக்கி இரண்டு மடங்கு பஞ்சை உள்ளே தள்ளியிருக்கும், கவனியுங்கள். செய்தித்தாளைக் கசக்கி, பாதி விரித்துப் போடுங்கள். நிரப்பிய ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே இடத்தை நிரப்ப மணல் முக்கால் கிலோவுக்கு மேல் போகும். பஞ்சு சில பத்து கிராம்கூடத் தேறாது. இந்த ஒரு கணக்கே பிள்ளைகளைப் பேசவைக்கும்.

எட்டு அலகில் ஆறு மட்டுமே பொருள்களுக்கு. மற்ற இரண்டும் ஒப்பீட்டுக்கு. ஒன்று, பாட்டிலே இல்லாமல் தெர்மாகோல் வட்டின்மேல் நிற்கும் வெறும் டம்ளர். இன்னொன்று, பாட்டிலுக்குள் நிற்கும் டம்ளர், சுற்றிலும் எதுவும் நிரப்பாமல். இந்த இரண்டாவதை யாரும் வைப்பதில்லை. சோதனையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர்

வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 99 டிகிரியிலேயே கொதிக்கும். 1 லிட்டர் கொதிநீரோடு முக்கால் லிட்டர் குழாய்த் தண்ணீர் (30 டிகிரி) சேர்த்தால் 70 டிகிரி பக்கம் வரும். மே மாதம் நடுப்பகலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே 40ஐத் தாண்டிச் சுடும், அதனால் அளவை நம்பாமல் வெப்பநிலைமானியைப் பார்த்துக் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. 70 டிகிரித் தண்ணீரே கைமேல் பட்டால் நொடியில் கொப்புளித்துவிடும். டம்ளர்கள் எல்லாம் இடத்தில் அமர்ந்த பிறகு, ஆசிரியர் மட்டும் ஒரே பாத்திரத்திலிருந்து வரிசையாக ஊற்ற வேண்டும். ஊற்றிய டம்ளரை யாரும் தூக்கக் கூடாது.

ஒவ்வொன்றிலும் 200 மி.லி., அளவு உருளையில் அளந்து. ஊற்றியவுடன் பால் கவரை விளிம்பில் இழுத்து ரப்பர் பேண்டு போட்டு, அதன்மேல் தெர்மாகோல் மூடி. கவர் எதற்கு என்றால், ஆவி மேலே எழுந்து பக்கவாட்டில் உள்ள பஞ்சிலும் உமியிலும் போய் ஈரமாக்கிவிடாமல் இருக்க. 1 கிராம் தண்ணீர் ஆவியாக 2,300 ஜூலுக்கு மேல் வெப்பம் வேண்டும். அது மிச்சமிருக்கும் 200 மி.லி. தண்ணீரிலிருந்தே போகிறது என்றால் அதன் வெப்பநிலை கிட்டத்தட்ட 3 டிகிரி இறங்கும். மூடாத டம்ளரில் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று கிராம் காணாமல் போவது சாதாரணம். நல்ல பஞ்சு மிச்சம் பிடித்துக் கொடுப்பதே அவ்வளவுதான். மூடி ஏன் இத்தனை முக்கியம் என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

வெப்பநிலைமானி

சிவப்புச் சாராயம் உள்ள ஆய்வக வெப்பநிலைமானி, 0 முதல் 110 டிகிரி வரை உள்ளது, போதும். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் மானி 42 டிகிரிக்கு மேல் காட்டாது. வெந்நீரில் விட்டால் கெட்டுப்போகும். பாதரச மானி வேண்டவே வேண்டாம்.

ஒரே பெட்டியில் வந்த எட்டு மானிகளும் ஒன்றையே காட்டும் என்று நம்பாதீர்கள். முதல் நாள் எட்டையும் ஒரே பாத்திரத்து வெந்நீரில் சேர்த்து நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு டிகிரி, சில சமயம் இரண்டு டிகிரிகூட வித்தியாசம் இருக்கும். நடுவில் நிற்கும் மானியை அளவாக வைத்துக்கொண்டு, மற்றவற்றின் தலையில் சிறு காகிதத்தில் கூட்டு 1, கழி 1 என்று எழுதி ஒட்டிவிடலாம்.

குமிழ் தண்ணீரின் நடு ஆழத்தில் இருக்க வேண்டும், அடியைத் தொடக்கூடாது. டம்ளருக்குள் சூடான நீர் மேலேயும் ஆறியது கீழேயும் நிற்கும். படிக்கும் முன் மானியை இரண்டு சுற்று மெதுவாகச் சுழற்றிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண் திரவ மட்டத்துக்கு நேராக. மூடியைத் திறக்கவே கூடாது.

நேரமும் இடமும்

காலை முதல் இரண்டு பாடவேளைகளைக் கேட்டு வாங்குங்கள். காற்று குறைவு, மின்விசிறியை நிறுத்தினாலும் பிள்ளைகள் தாங்குவார்கள். பிற்பகலில் மே மாத வேலூரில் விசிறியை நிறுத்தினால் அந்த வகுப்பில் அறிவியல் நடக்காது. ஜன்னல் வெயில் படாத உட்சுவர் ஓரம் மேசையைப் போடுங்கள். அலகுகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

ஊற்றி மூடி 2 நிமிடம் கழித்து எடுக்கும் அளவே தொடக்க வெப்பநிலை. டம்ளர் சூடாவதற்குப் போகும் ஒன்றிரண்டு டிகிரி அதற்குள் போய்விட்டிருக்கும். பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை, 30 நிமிடம் வரை. அறையின் வெப்பநிலையையும் தொடக்கத்திலும் முடிவிலும் குறிக்க வேண்டும். ஒரு பிள்ளை மானியைப் படிக்க, ஒன்று எழுத, ஒன்று கடிகாரம் பார்க்க, மீதி இருவர் வரைபடத்தாளில் உடனுக்குடன் புள்ளி வைக்கட்டும். புள்ளியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், தவறாகப் படித்த அளவு வகுப்பு முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

ஊற்றும் முன் ஒவ்வொரு குழுவும் தன் யூகத்தை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதாமல் விட்டால், பின்னால் எல்லாரும் “எனக்கு அப்பவே தெரியும் சார்” என்பார்கள்.

எப்படிக் கணக்கிடுவது

எத்தனை டிகிரி இறங்கியது என்று மட்டும் பார்த்தால் ஒரு சங்கடம் உண்டு. ஒரு டம்ளர் 67இல் தொடங்கியிருக்கும், இன்னொன்று 65இல். மார்கழியில் செய்த வகுப்பையும் மே மாதத்தில் செய்த வகுப்பையும் ஒப்பிடவே முடியாது. சூடான பொருள் ஆறும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்பது நியூட்டனின் குளிர்தல் விதி. அதனால் டிகிரியை விட்டுவிட்டு வேறுபாட்டைப் பிடியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அறை 32 டிகிரி. வெறும் டம்ளர் 66இல் தொடங்கி 54இல் முடிகிறது. தொடக்க வேறுபாடு 34, முடிவில் 22. 22ஐ 34ஆல் வகுத்தால் 0.65, அதாவது வேறுபாட்டில் 65 சதவீதம் மிஞ்சியிருக்கிறது. உமி அலகு 66இல் தொடங்கி 60இல் முடிந்தால் 28ஐ 34ஆல் வகுக்க 0.82. அதே வெறும் டம்ளரை அறை 39 டிகிரியாக இருக்கும் நாளில் வைத்தால் 56 அல்லது 57இல் வந்து நிற்கும். இறக்கம் 12க்குப் பதிலாக 10க்கும் குறைவு, ஆனால் மிஞ்சிய பங்கு அதே 65 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். இந்த எண்கள் கணக்குக் காட்ட எடுத்தவை. உங்கள் டம்ளருக்கு வேறாக வரும்.

முடிவைப் படிக்கும்போது

காலிப் பாட்டிலுக்குள் நின்ற டம்ளர் வெறும் டம்ளரைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்யும். பஞ்சையும் உமியையும்விடப் பின்தங்கும். காற்று மிக மோசமான கடத்தி என்று படித்த பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள், தடுமாறட்டும். 2 செ.மீ. இடைவெளியில் காற்று சும்மா நிற்பதில்லை. டம்ளரை ஒட்டியது சூடாகி மேலே ஏற, பாட்டிலை ஒட்டியது ஆறிக் கீழே இறங்கச் சுற்றிக்கொண்டே வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது: வெப்பச் சலனம். பஞ்சும் உமியும் செய்வது அந்தக் காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து நகரவிடாமல் நிறுத்துவது, கூடவே வெப்பக் கதிர்வீச்சையும் மறிப்பது. அமுக்கித் திணித்த பஞ்சையும் ஒரு நாள் வைத்துப் பார்த்தால் எடையோடு காப்பு கூடுவதில்லை என்று தெரியும்.

மணல் வேறு கதை. அதன் வரைபடம் முதல் பத்து நிமிடத்தில் சரிவாக இறங்கி, பிறகு மட்டப்படும். முக்கால் கிலோ மணலைச் சூடாக்க டம்ளர் தண்ணீரின் வெப்பத்தில் பெரும் பங்கு போய்விடுகிறது. அது வெளியே போனதல்ல, மணலுக்குள்ளேயே தங்கியது. பாட்டிலின் வெளிப்புறத்தைத் தொட்டால் மணல் அலகு வெதுவெதுப்பாகவும் பஞ்சு அலகு ஏறக்குறைய அறைச் சூட்டிலும் இருக்கும். கடத்துவதும் சேமிப்பதும் வேறு வேறு என்று விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கடைசி அளவை மட்டும் குறித்திருந்தால் இது கையை விட்டுப் போயிருக்கும்.

அலுமினியத் தாளைச் சோதிக்க எல்லாரும் ஆசைப்படுவார்கள். எவர்சில்வர் டம்ளரை ஒட்டிச் சுற்றினால் பலன் எதுவும் தெரியாது. அலுமினியம் கடத்துவதில் ராஜா, பளபளப்பு ஏற்கனவே டம்ளருக்கு உண்டு. அதே டம்ளரில் வெள்ளைத் தாளை ஒரே ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள்: வெறும் டம்ளரைவிட அது வேகமாக ஆறக்கூடும். பளபளப்பான உலோகம் கதிர்வீச்சைக் குறைவாகத்தான் விடும். காகிதம் தாராளமாக விடும். ஒரு சுற்றுத் தாளின் காப்பு அதை ஈடுகட்டப் போதாது. “மேடம், தப்பா வருது” என்று அந்தக் குழு எழுந்து நிற்கும்போது மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவே மீண்டும் வரும்.

இலவம்பஞ்சு, கழிவு நூல், தெர்மாகோல் துண்டுகள், உமி, மரத்தூள் ஆகியவை ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே வரும். ஒரு டிகிரி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுக்காதீர்கள். மானியின் பிழையே ஒரு டிகிரி. மூன்று நாள் திரும்பச் செய்து, மூன்று நாளும் அதே வரிசை வந்தால் மட்டும் வரிசை என்று சொல்லலாம். இல்லாவிட்டால் “இவை ஒரே கூட்டம்” என்று எழுதினால் போதும், அது தோல்வி இல்லை.

எண்கள் தாறுமாறாக வந்தால் முதலில் மூடியைப் பாருங்கள், பிறகு பொருளைக் கையில் எடுத்து ஈரம் பாருங்கள், பிறகு மானியின் திருத்தம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கூட்ட வேண்டியதைக் கழித்திருப்பது அடிக்கடி நடக்கும்.

சின்ன வகுப்புக்கு ஐஸ்

3, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெந்நீர் வேண்டாம். அறை 35 டிகிரி என்றால் ஐஸுக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு 35. நாம் வெந்நீரில் எடுத்ததும் ஏறக்குறைய அதுவேதான். வேலூர் வெயில் நமக்குச் செய்யும் உபகாரம். அதே பாட்டில், அதே டம்ளர், 200 மி.லி. தண்ணீருக்குப் பதில் 100 கிராம் ஐஸ்கட்டி. வெப்பநிலைமானியே தேவையில்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் போடாமல், மேலே ஈரம் மினுக்கும்வரை வெளியே வைத்து, துடைத்துவிட்டு நிறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் 0 டிகிரிக்கு எத்தனையோ கீழே இருக்கும் ஐஸ் உருகத் தொடங்கவே நேரம் எடுக்கும். 1 மணி நேரம் கழித்து வடிகட்டியில் ஊற்றி, உருகிய நீரை மட்டும் அளவு உருளையில் அளந்தால் முடிந்தது. குறைவாக உருகியது நல்ல காப்பு.

தொடங்கும் முன் ஒரு கேள்வி: கம்பளி ஸ்வெட்டர் சுற்றினால் ஐஸ் சீக்கிரம் உருகுமா, மெதுவாகவா? பாதி வகுப்பு சீக்கிரம் உருகும் என்றே சொல்லும், ஸ்வெட்டர் சூடு தரும் என்ற எண்ணத்தில். ஐஸ் வண்டிக்காரர் பாளத்தைச் சாக்கிலும் மரத்தூளிலும் மூடி வைப்பதைப் பார்த்த பிள்ளை மட்டும் மாறிச் சொல்லும்.

வெறும் டம்ளரின் வெளிப்புறம் வியர்த்துக்கொண்டே இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து நீராகும்போது வெப்பத்தையும் கொடுத்துவிட்டுப் போவதால், அந்த ஐஸ் இன்னும் வேகமாக உருகும். பஞ்சு, நார் அலகுகளிலும் உள்பக்கம் மெல்ல நனையும். அதனால் ஐஸ் சோதனைக்குப் பயன்படுத்திய பொருளை மறுநாள் வெந்நீர் சோதனைக்கு அப்படியே எடுக்காதீர்கள், வெயிலில் மறுபடி காயவைக்க வேண்டும்.